செடியடியில் ஒரு சிற்றுலகம்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைக் காண வருவோர் பெரும்பாலும் செடியின் மேற்பரப்பையே கண்டு திரும்புகின்றனர். இடுப்பளவு உயரத்தில் சமனாக வெட்டப்பெற்று, குன்றின் வளைவுக்கேற்ப வரிவரியாகச் செல்லும் அப்பசுமை கண்ணுக்கு இனியதே. ஆயின், அவ்விலைப் பரப்பை விலக்கிக் கீழே குனிந்து நோக்குவார்க்கு முற்றிலும் வேறானதோர் இடம் புலப்படும். அங்கே வெயில் புகுவதில்லை; காற்றும் மிகுதியாக அசைவதில்லை. உதிர்ந்த இலையும் கவ்வாத்தில் விழுந்த குச்சியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, தொட்டால் குளிர்ந்து ஈரமாக இருக்கும். அங்குள்ள கல்லொன்றைப் புரட்டினால் பூரான் விரைந்து ஓடும், மரவட்டை சுருண்டுகொள்ளும், மண்புழு தன் வளைக்குள் உடலை இழுத்துக்கொள்ளும்.

கல்லடியிலும், மட்கிய மரத்தினுள்ளும், இலைக்குவியலின் கீழும் இவ்வாறு மறைந்து வாழும் சிற்றுயிர்களை ஒரு தொகுதியாகக் கருதி, 1895இல் அவற்றுக்கு ‘மறைவுயிர்கள்’ என்னும் பொருள்படும் பெயரை வழங்கியவர் ஆர்தர் டெண்டி என்னும் விலங்கியலார். இவை யாவும் ஓர் இனத்தைச் சேர்ந்தவை அல்ல. புழு உண்டு; நத்தை உண்டு; பூச்சி உண்டு; சிலந்தி உண்டு; நண்டின் உறவினமும் உண்டு. பிறப்பால் வேறுபட்ட இவற்றை ஒன்றுசேர்ப்பது அவை வாழும் இடமே. அவ்விடத்தை அவை ஏன் நாடின? அவ்விடம் அழிந்தால் மலைக்கு நேர்வது யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பது தமிழாசிரியர்க்கும் பயனுடையதாகும். இவ்வுயிர்கள் பலவற்றுக்குத் தமிழில் நெடுங்காலமாகவே பெயர்கள் உள்ளன.

இருளா, ஈரமா?

இவ்வுயிர்கள் இருளை விரும்புகின்றன என்று பொதுவாகச் சொல்லப்படும். அது பாதி உண்மையே. அவற்றுக்கு உயிர்த்தேவையாக இருப்பது ஈரம். இருள் உள்ள இடத்தில் ஈரம் நிலைத்திருப்பதால், ஈரத்தைத் தேடுவன இருளில் தங்குகின்றன.

இதன் காரணம் உடலின் அளவில் அமைந்துள்ளது. ஒரு பொருள் சிறுத்துக்கொண்டே போனால், அதன் பருமன் குறையும் அளவுக்கு அதன் மேற்பரப்பு குறைவதில்லை. பெரிய பூசணிக்காய் பல நாள் வெளியிற் கிடந்தாலும் வாடுவதில்லை. அதே பூசணிக்காயைச் சிறு துண்டுகளாக நறுக்கி வெயிலிற் பரப்பினால் வற்றலாகிவிடுகிறது. சிற்றுயிரின் நிலை அந்தத் துண்டின் நிலை போன்றது. உடலிலுள்ள நீர் சிறிது. அது ஆவியாகும் பரப்போ பெரிது.

வெட்டவெளியில் திரியும் வண்டு, வெட்டுக்கிளி முதலியவற்றின் தோல்மேல் மெழுகுப் பூச்சு உண்டு. அது நீர் வெளியேறாமல் தடுக்கிறது. மறைவுயிர்களுட் பலவற்றுக்கு அத்தகைய பூச்சு இல்லை. இருப்பினும் மிக மெல்லியது. மண்புழு தோலால் மூச்சு வாங்குவது. தோல் நனைந்திருந்தால்தான் காற்றிலுள்ள உயிர்வளி அதனூடே உட்புகும். தோல் உலர்ந்தால் புழுவின் மூச்சு நின்றுவிடும். பூரான், மரவட்டை ஆகியவற்றின் மூச்சுத்துளைகள் பூச்சிகளுடையவை போல இறுக மூடிக்கொள்ளும் அமைப்பு உடையன அல்ல. அத்துளைகளின் வழியாகவும் நீர் வெளியேறும்.

நண்டு, இறால் ஆகியவற்றின் உறவினமாகிய சிறு ஓட்டுயிர் ஒன்று கல்லடியிற் காணப்படும். சாம்பல் நிறமும் ஏழு இணைக் கால்களும் உடையது. கடலுயிர்களின் வழியில் வந்து நிலத்தில் குடியேறிய இது, மூச்சு வாங்குதற்கு இன்றும் ஈரத்தையே நம்பியுள்ளது. இதன் நடத்தையை ஆராய்ந்தோர் வியப்பானதோர் உண்மையைக் கண்டனர். உலர்ந்த இடத்தில் இது விரைந்து ஓடுகிறது. அடிக்கடி திசை மாற்றுகிறது. ஈரமான இடத்தில் மெதுவாக ஊர்ந்து, பின் நின்றுவிடுகிறது. ஈரம் எங்கே உள்ளது என்பதை அறிந்து அங்கே செல்லவேண்டும் என்பதில்லை. உலர்ந்த இடத்தில் நில்லாமையும் ஈரமான இடத்தில் நிற்றலுமே அதனை ஈரத்திற் கொண்டு சேர்த்துவிடுகின்றன. இத்துடன், ஒளியை விட்டு விலகும் இயல்பும், உடலின் பல பக்கங்களும் எதன்மீதேனும் படும்படி இடுக்கிற் புகும் இயல்பும் சேர்ந்து இவ்வுயிர்களைக் காக்கின்றன.

குடியிருப்போர் யாவர்?

செடியடியில் வாழ்வனவற்றை அவை செய்யும் தொழிலால் பிரித்தறிவது எளிது.

முதலாவது, இலையை அரைப்பவை. மரவட்டை இதில் தலைமையானது. ஒரு வளையத்துக்கு இரண்டு இணைக் கால்கள் கொண்டு, நிதானமாக ஊர்ந்து, மட்கும் இலையைத் தின்று நுண்ணிய துகளாக வெளியேற்றும். மரவட்டையை ஆங்கிலேயர் ஆயிரங்கால் உயிர் என்பர். எனினும் நெடுங்காலமாக ஆயிரங்கால் கொண்ட மரவட்டை எதுவும் காணப்படவில்லை. 2021இல்தான் ஆஸ்திரேலியாவில் நிலத்தடியிலிருந்து 1,306 கால்களையுடைய மரவட்டை கண்டறிந்து அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது, மரத்தைத் தின்பவை. சிதல் என்றும் கறையான் என்றும் சொல்லப்படும் உயிர், தன் குடலில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் மரத்தைச் செரிக்கிறது. சிலவகைச் சிதல்கள் புற்றுக்குள் காளான் பயிரிட்டு உண்கின்றன. மழைக்குப்பின் புற்றில் முளைக்கும் புற்றுக்காளான் அத்தோட்டத்தின் விளைவே. சிறகு முளைத்துப் புறப்படும் சிதலையே ஈசல் என்கிறோம். மலையில் உயரம் கூடக்கூடச் சிதலின் வகைகள் குறைந்துகொண்டே செல்லும். ஏறத்தாழ 2,030 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டில், விழுந்த மரமும் இலையும் விரைவில் மட்காமல் பஞ்சுபோற் படிந்து கிடப்பதற்குக் குளிர், மிகுந்த ஈரம் ஆகியவற்றோடு இதுவும் ஒரு காரணமாகும்.

மூன்றாவது, மண்ணை உண்பவை. நாங்கூழ் என்று பழந்தமிழில் வழங்கிய மண்புழு மண்ணோடு மட்கிய பொருளை விழுங்கிக் குருணை குருணையாக வெளியேற்றுகிறது. அது செல்லும் வழியெல்லாம் மண்ணில் துளை உண்டாகிறது.

நான்காவது, மிகச் சிறியவை. வாலருகே மடித்து வைத்த கவை போன்ற உறுப்பைத் தரையில் அடித்துத் துள்ளும் நுண்ணுயிர் ஒன்று கைப்பிடி மண்ணிலும் பலவாக இருக்கும். பூஞ்சணத்தை மேய்வது அதன் தொழில். ஸ்காட்லாந்தில் ரைனி என்னும் ஊரின் பாறைகளில் ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அதன் உடற்பதிவு கிடைத்துள்ளது. நிலத்தில் பறவையும் பாலூட்டியும் தோன்றுவதற்கு மிகமுன்னரே இச்சிற்றுலகம் தோன்றிவிட்டது என்பதற்கு அது சான்று.

ஐந்தாவது, வேட்டையாடுபவை. பூரானின் முதல் இணைக் கால்களே நஞ்சுக் கொடுக்குகளாக மாறியுள்ளன. வளர்ந்த பூரானின் கால்களை இணை இணையாக எண்ணினால் எப்பொழுதும் ஒற்றைப்படை எண்ணே வரும். ஆதலால் சரியாக நூறு கால் கொண்ட பூரான் இல்லை. தேளும் சிலந்தியும் இவ்வகையினவே. மலாயாத் தீபகற்பத்தின் ஈரக்காடுகளில் வெல்வெட்டுத் துணி போன்ற தோலும் குட்டைக் கால்களும் உடைய, புழுவைப் போன்ற வேட்டையுயிர் ஒன்றும் உண்டு. பசை போன்ற நீரைப் பீய்ச்சி இரையைக் கட்டிப்போடும் இவ்வுயிரின் தீபகற்ப இனங்கள் 1901இல் அறிவியலுலகுக்கு அறிமுகமாயின.

பத்துமலைக்குச் சென்றுவரும் தமிழர்க்கு இங்கே ஒரு செய்தி கூறத்தக்கது. முருகன் திருக்கோயிலுக்கு ஏறும் படிகளின் பக்கத்தேயுள்ள இருட்குகையில், மண்வளைக்குக் கதவு அமைத்து வாழும் சிலந்தி ஒன்று உள்ளது. 1923இல் எச்.சி. ஆபிரகாம் என்பவர் அதனை விவரித்து, பத்துமலையின் பெயராலேயே அறிவியற்பெயர் சூட்டினார். வளையின் வாயிலிலிருந்து சில பட்டிழைகளைத் தரையில் ஆரம்போல் விரித்து வைத்து, அவற்றுள் ஒன்றில் இரை இடறும்போது கதவைத் திறந்து பாயும். மற்றச் சிலந்திகளின் வயிறு வழவழப்பாக இருக்க, இதன் வயிற்றின்மேல் தனித்தனித் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிலந்திகளின் அமைப்பு அது. அதன் உறவினமொன்று கேமரன் மலையின் மண்சரிவுகளிலும் வாழ்கிறது.

தொல்காப்பியர் கண்ட வரிசை

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அவற்றின் அறிவால் வகுத்தது தமிழாசிரியர் நன்கறிந்ததே. புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டும் உடையன. நந்து முதலியன சுவையுணர்வும் உடையன. சிதலும் எறும்பும் முகர்தலும் சேர்ந்த மூவறிவின. நண்டும் தும்பியும் காண்டலும் சேர்ந்த நாலறிவின. இவ்வரிசையில் எடுத்துக்காட்டாக அமைந்த நந்தும் சிதலும் ஈரத்தையும் மறைவையும் நாடும் உயிர்களாக இருத்தல் கருதத்தக்கது.

சிதலுக்குப் பார்வை இல்லை என்பது இவ்வகுப்பின் பொருள். இன்றைய விலங்கியலும் பெரும்பாலான சிதல் இனங்களின் வேலையாட்கள் கண்ணில்லாதவை என்றே கூறுகிறது. அவை தொட்டும் முகர்ந்தும் வழியறிகின்றன. நந்தைப் பொறுத்தவரை வேறுபாடு உண்டு. நிலத்து நத்தையின் கொம்பு நுனியில் கண் உண்டு. அது ஒளியையும் இருளையும் பிரித்தறியும். முகரும் ஆற்றலும் நத்தைக்கு உண்டு. எறும்புகளிலும் கண்ணுள்ளவை மிகுதி. எனவே மரபியலை விலங்கியல் நூலாகப் படிப்பது பொருந்தாது. எனினும், சிதல் கண்ணின்றி வாழ்வதைக் குனிந்து உற்றுநோக்கிய கண்கள் அக்காலத் தமிழகத்தில் இருந்தன என்பது தெளிவு.

அத்தகைய நோக்கு பிற்கால இலக்கியத்திலும் உண்டு. எறும்புக் கூட்டத்தின் நடுவே அகப்பட்ட நாங்கூழின் துன்பத்தை மணிவாசகர் நீத்தல் விண்ணப்பத்தில் ஐம்புலனால் அலைப்புண்ணும் உயிருக்கு உவமையாக்கினார். முதல்மழைக்குப்பின் செம்மண்மேல் ஊரும் சிவந்த மூதாயை அகநானூறு முல்லைத்திணையிற் காட்டுகிறது. தம்பலப்பூச்சி என்றும் சொல்லப்படும் இவ்வுயிர் எட்டுக்கால் உடையது. பெரும்பகுதி வாழ்நாளை மண்ணுள் கழித்து, மழை நனைத்தபின் வெளிவருவது.

நன்மையும் தீமையும்

மண்புழுவின் உழைப்பை அளந்து காட்டியவர் டார்வின். 1881இல் வெளிவந்த அவருடைய நூல், இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல்வழிச் சென்று மேலே வருகிறது என்று கணக்கிட்டது. புழுக்களுக்குச் செவியுண்டா என்று அறிய அவர் அவற்றின் அருகே பியானோ வாசிக்கச் செய்தார், அவை அசையவில்லை. புழு இருந்த தொட்டிகளைப் பியானோவின் மேலேயே வைத்து வாசித்தபோது அதிர்ச்சியை உணர்ந்து உடனே வளைக்குள் மறைந்தன.

தேயிலைக்கும் புழுவுக்கும் உள்ள தொடர்பு தமிழ்நாட்டு மலைகளில் ஆராயப்பட்டுள்ளது. தேயிலை புளிப்புள்ள மண்ணில் வளர்வது. பல மண்புழு வகைகளுக்கு அம்மண் ஒவ்வாது. நெடுங்காலம் உரமும் பூச்சிமருந்தும் கொட்டப்பட்ட பழைய தோட்டங்களில் விளைச்சல் மேலும் உயராமல் நின்றுவிட்டது. 1990களில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் இந்திய, பிரெஞ்சு அறிஞர்கள் செடிவரிசைகளுக்கிடையே குழி வெட்டி, கவ்வாத்துக் கழிவையும் மட்கிய எருவையும் இட்டு, மண்புழுக்களை விட்டனர். இவ்வாறு செய்த நிலம் வேதியுரம் மட்டும் பெற்ற நிலத்தைவிட மிகுந்த கொழுந்து தந்தது.

தீமை செய்வனவும் இவ்விருட்டில் உண்டு. கொழுந்து பறிப்போர் நன்கறிந்தது அட்டை. மூச்சுக்காற்றையும் உடல்வெப்பத்தையும் தரையின் அதிர்ச்சியையும் கொண்டு ஆள் வருதலை அது அறியும். அதன் எச்சில் குருதி உறையாமல் தடுப்பதால், அட்டை விழுந்தபின்னும் கடிவாயிலிருந்து குருதி கசியும். அவ்வியல்பைப் பயன்படுத்தியே சித்த மருத்துவத்தில் அட்டைவிடல் ஒரு மருத்துவமுறையாயிற்று. இக்காலத்தில் அட்டைக்குப் புதியதொரு பயனும் கிடைத்துள்ளது. அது குடித்த குருதியின் மரபணுவை ஆராய்ந்து காட்டில் எவ்வெவ்விலங்குகள் வாழ்கின்றன என்று அறியலாம். 2012இல் வியட்நாம் காட்டு அட்டைகளைக்கொண்டு கண்ணில் எளிதில் படாத முயலினம் ஒன்று அங்கே வாழ்வது தெரியவந்தது.

அட்டையினும் கொடியது கண்ணுக்குப் புலப்படாதது. மூதாயின் நெருங்கிய உறவினமாகிய நுண்ணுண்ணியின் குஞ்சுப்பருவம் எலியின்மேலும் மனிதர்மேலும் ஏறி ஒருமுறை உணவு கொள்ளும். பிற பருவங்கள் மண்ணிலேயே கழியும். அக்கடியின் வழியாக ‘ஸ்கிரப் டைபஸ்’ என்னும் காய்ச்சல் பரவுகிறது. தமிழ்நாட்டில் இதனை உண்ணிக்காய்ச்சல் என்பர். கடிவாயிற் கருகிய புண்ணும் விடாத காய்ச்சலும் இதன் அடையாளம். புதர்மண்டிய நிலத்தைத் திருத்திய மலாயாத் தோட்டத்தொழிலாளர் பலரை இந்நோய் வருத்தியது. 1948இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஸ்மெடல், உட்வர்டு முதலிய அறிஞர்கள் குளோரம்ஃபெனிகால் என்னும் மருந்து இந்நோயைத் தீர்ப்பதைக் கண்டறிந்தனர். புதரிற் சென்று வந்தபின் காய்ச்சல் கண்டால் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் அதனைக் கூறுதல் வேண்டும்.

கூரை நீங்கினால்

தீமை செய்வன சில உள்ளன என்பதற்காகச் செடியடியைத் துடைத்துவிடுதல் அறிவுடைமை ஆகாது. அதன் காரணத்தைக் கேமரன் மலையின் நிலவமைப்பே கூறும்.

1885இல் வில்லியம் கேமரன் அளந்தறிந்த இம்மேட்டு நிலத்தில், 1929இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். செங்குத்தான சரிவுகளில் காட்டை வெட்டிச் செடி நட்டவர்களுள் தமிழ்த்தொழிலாளர் மிகப் பலர். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை இங்குப் பெய்கிறது. இத்தகைய மழை வெறும் மண்ணில் நேரே விழுந்தால் துளிதோறும் மண்ணைப் பெயர்க்கும். தேயிலையின் மூடிய இலைப்பரப்பும் கீழேயுள்ள இலைப்படுகையும் அவ்வடியைத் தாங்கிக்கொள்கின்றன. மண்புழுவும் சிதலும் துளைத்த வழிகளில் நீர் உள்ளே இறங்குகிறது. மறைவுயிர்களுக்கு எது கூரையோ அதுவே மலைக்கும் கூரையாக இருக்கிறது.

அக்கூரை இல்லாத சரிவுகளிலிருந்து கழுவப்படும் மண் ஓடைகளில் இறங்குகிறது. காய்கறித் தோட்டங்களுக்காகவும் கட்டடங்களுக்காகவும் திறக்கப்பட்ட நிலங்களின் வண்டல், 1963இல் முடிந்த சுல்தான் அபூபக்கர் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படிந்து அதன் கொள்ளளவைக் குறைத்துவிட்டது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் பெருமழையால் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களும் வீடுகளும் அழிந்தன. சரிவில் ஒரு கைப்பிடி இலைப்படுகை நீங்குவது சிறிய செய்தி போலத் தோன்றும். ஆயிரக்கணக்கான ஏக்கரில் அது நீங்கும்போது அதன் விளைவு பள்ளத்தாக்கில் வாழ்வோரின் வாசற்படியை வந்து அடைகிறது.

பெயரும் பொருளும்

கொழுந்து பறிப்போரில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர் மிகுதி. தோட்டத்தை விட்டு நகர் சென்ற குடும்பங்களின் பிள்ளைகள் இவ்வுயிர்களைக் காண்பதும் அரிது. கண்டாலும் ‘சாச்சிங்’, ‘பாச்சாட்’, ‘லிப்பான்’ என்று மலாய்ப் பெயரால் அழைப்பர். அல்லது எல்லாவற்றையும் ‘புழுபூச்சி’ என்று ஒருசொல்லில் அடக்குவர். மலாய்ப் பெயரை அறிதல் நன்றே. நிலத்து அட்டையைப் ‘பாச்சாட்’ என்றும் நீரட்டையை ‘லிந்தா’ என்றும் அம்மொழி பிரித்துரைப்பது மாணாக்கர்க்குப் பயன் தரும். ஆனால் பூரானையும் மரவட்டையையும், சிதலையும் எறும்பையும் பெயரால் பிரித்தறியாத பிள்ளை கண்ணாலும் பிரித்தறிவதில்லை. ஒன்றைக் கண்டு அஞ்சவேண்டும், மற்றொன்றைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை என்பதும் அப்பிள்ளைக்குத் தெரியாமற் போகும்.

பள்ளியில் இதனைக் கற்பிக்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. 1905இல் இத்தாலிய அறிஞர் பெர்லேசி அமைத்த புனல்முறை போதும். 1918இல் துல்கிரேன் என்னும் சுவீடிய அறிஞர் அதில் மின்விளக்கைச் சேர்த்தார். ஒரு பெரிய புனலில் கம்பிவலை வைத்து, அதன்மேல் செடியடியிலிருந்து எடுத்த இலைமட்கைப் பரப்பவேண்டும். மேலே விளக்கைத் தொங்கவிட்டு, கீழே ஈரத்தாள் இட்ட குப்பியை வைக்கவேண்டும். விளக்கின் வெப்பத்தால் மட்கு மேலிருந்து உலரும். உயிர்கள் ஈரத்தை நாடிக் கீழே இறங்கிக் குப்பியில் விழும். ஓரிரு நாளில் கைப்பொருக்கு மட்கில் இத்தனை உயிரா என்று மாணாக்கர் வியப்பர். அவற்றின் கால்களை எண்ணி, பெயரை எழுதி, படம் வரைந்தபின் எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

கல்லைப் புரட்டிப் பார்க்கும் மாணாக்கர்க்கு ஆசிரியர் சொல்லவேண்டியவை மூன்று: வெறுங்கையால் புரட்டாமல் குச்சியால் புரட்டுக, கல்லைத் தம்பக்கம் நோக்கித் தூக்குக, அப்பொழுது கீழிருந்து ஓடும் பூரானும் தேளும் எதிர்ப்பக்கம் செல்லும், பார்த்து முடிந்ததும் கல்லை முன்பிருந்தவாறே வைத்துவிடுக. திறந்து விடப்பட்ட கல்லின் அடிமண் ஒரு பகல் வெயிலில் உலர்ந்துவிடும்; அங்கே குடியிருந்தவை திரும்பி வருதற்கு ஈரம் இராது.